ஒருகொடவத்தை வானத்தில் பறந்தவை

2025 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு எங்கள் வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு வீடியோ வந்தது. 41 செக்கன்தான். எடுத்தது எங்களில் ஒருவரின் தம்பி. டியூஷன் முடிந்து பேலியகொடைப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும்போது, ஒருகொடவத்தை மேம்பாலத்தில் வைத்து, வலப்பக்க யன்னலால் எடுத்திருக்கிறான். கீழே கொள்கலன்கள் அடுக்கிக் கிடக்கிற முற்றத்தின் லைட்டுகள். தூரத்தில் தாமரைக் கோபுரம். அதற்குச் சற்று வலப்பக்கம், நன்றாக மேலே, தனியாக ஒரு வெள்ளை வெளிச்சம். பஸ் ஓட அதுவும் ஓடுகிறது. பஸ் டிராஃபிக்கில் நிற்க அதுவும் நிற்கிறது. பிறகு தம்பி சூம் பண்ணுகிறான். வெளிச்சம் ஊதிப் பெருத்து ஒரு தட்டு மாதிரி ஆகிறது, ஓரங்கள் துடிக்கின்றன. வீடியோவுக்குக் கீழே ஒரு வரி: "இது என்ன மச்சான்? பஸ்ஸில எல்லாரும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாங்க, ஒருத்தரும் மேல பார்க்கல்ல."

அன்று இரவு பன்னிரண்டரை வரை சண்டை. டிரோன் என்றார் ஒருவர். தாமரைக் கோபுரத்து லேசர் என்றார் இன்னொருவர். ஸ்டார்லிங்க் என்று ஒருவர் சொல்ல, அது வரிசையாகப் போகும், இப்படித் தனியாக நிற்காது என்று மற்றவர் மறுத்தார். "அமெரிக்கன் நேவியே ஒத்துக்கொண்டிட்டான், நீங்கதான் இன்னும் ஒத்துக்கொள்றீங்க இல்ல" என்று ஒரு குரல் பதிவும் வந்தது. கடைசியில் ஒருவர் "அது வெள்ளி" என்று இரண்டே சொல்லில் எழுதிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நான் பொய் சொல்றேனா?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. வெளிச்சத்தின் கதை அடுத்த நாளே முடிந்துவிட்டது.

அடுத்த நாள் மாலை ஏழு மணிக்கு ஆறு பேர் மேம்பாலத்துக்குப் போனோம். முதல் நாள் நின்ற அதே இடத்தில் அந்த வெளிச்சம் நின்றது. போனை எடுத்து சூம் பண்ணினோம். அதே தட்டு, அதே துடிப்பு. போன் கமெராவால் ஒரு புள்ளி வெளிச்சத்தைச் சரியாகக் குவிக்க முடியாவிட்டால், அது அந்தப் புள்ளியை லென்சின் வடிவத்துக்கு விரித்துக் காட்டும். பாலத்து மின்கம்பத்து லைட்டையும் அப்படியே தட்டாக்கிப் பார்த்தோம். பஸ்ஸோடு ஓடியதற்குக் காரணம் சின்ன வயதில் சந்திரன் எங்களோடு ஓடி வந்ததற்கு இருந்த அதே காரணம்தான்: பொருள் மிகத் தூரத்தில் இருந்தால், நாம் எவ்வளவு நகர்ந்தாலும் அது தெரியும் திசை மாறாது. அந்த ஜனவரியில் வெள்ளி மாலை வானத்தில் மேற்கே நல்ல உயரத்தில் இருந்தது. சூரியனையும் சந்திரனையும் விட்டால் வானத்தில் அதைவிட வெளிச்சமான கோளோ நட்சத்திரமோ இல்லை. நாங்கள் துறைமுகப் பக்கம் போனை நீட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து ஒரு பொலிஸ்காரர் வந்து என்ன விஷயம் என்று கேட்டார். "வெள்ளி பார்க்கிறோம் சேர்." அவரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

தம்பி மட்டும் ஒரு கிழமைக்கு "நான் நேத்துப் பார்த்தது வேற" என்றுகொண்டே இருந்தான். சிரிக்கத்தான் தோன்றியது. பிறகு யோசித்தால், இந்த விஷயத்தில் அவன் நல்ல ஆட்களோடு கூட்டு.

கொழும்புக்காரர் ஒருவரிலிருந்தே தொடங்கலாம். ஆதர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து, 2008 மார்ச்சில் சாகும்வரை இங்கேயே வாழ்ந்தவர். 1964 மே 17 இரவு அவர் நியூயோர்க்கில், இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கோடு இருந்தார். சேர்ந்து ஒரு விண்வெளிப் படம் எடுப்பது என்று இருவரும் முடிவெடுத்த இரவு அது. அந்தப் படம்தான் பிறகு '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' என்று 1968இல் வந்தது. வெளியே வந்து பார்த்தால் வானத்தில் மிகப் பிரகாசமான ஒன்று நகர்ந்து வருகிறது. உச்சிக்கு வந்து நின்றுவிட்டதுபோல் இருவருக்கும் தோன்றியது. பத்திரிகையில் வந்த செய்மதி நேரங்களைப் பார்த்தார்கள். அந்த நேரத்துக்கு ஒன்றும் போட்டிருக்கவில்லை. அமெரிக்க விமானப்படையின் படிவத்தையே நிரப்பிக் கொடுத்தார்கள். பிறகு கிளார்க்கின் கோளரங்க நண்பர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது அது எக்கோ 1 என்று தெரிந்தது. 1960இல் ஏவப்பட்ட, 30 மீற்றர் அகலமான, பளபளக்கும் பலூன் செய்மதி. யோசித்துப் பாருங்கள்: செய்மதித் தொடர்பு எப்படி அமையும் என்று 1945இலேயே எழுதிய மனிதர், ஒரு செய்மதியைப் பார்த்து ஏமாந்திருக்கிறார். இந்தக் கதையை ஊருக்குச் சொன்னதும் அவர்தான்.

இந்திய ராணுவத்தின் கதை இன்னும் பெரியது. 2012 ஆகஸ்டிலிருந்து 2013 பெப்ரவரி வரை லடாக்கில், சீன எல்லையில் இருக்கிற பெரிய ஏரிப் பக்கம், வானத்தில் ஏதோ வெளிச்சங்கள் வந்து போவதாகப் படையினர் பதிவு செய்தார்கள். மொத்தம் 329 தடவை. அதில் 155 தடவை எல்லையைத் தாண்டி உள்ளே வந்ததாகவும் எழுதினார்கள். சீனாவின் வேவு டிரோன் என்பது சந்தேகம். கடைசியில் பெங்களூரில் தலைமையகம் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தைக் கேட்டார்கள். வந்து பார்த்த வானியலாளர்கள், ஒன்று வெள்ளி, மற்றது வியாழன் என்றார்கள். காற்று மெலிந்த உயரத்தில் இரண்டும் இன்னும் பிரகாசமாகத் தெரியும். அந்தச் சிப்பாய்களைக் கிண்டல் பண்ணி நிறைய மீம் வந்தது. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. உறைகிற குளிரில் காவல் நின்று, கண்டதை நேரத்தோடும் திசையோடும் எழுதிவைத்தார்கள். அந்த நேரமும் திசையும் இருந்தபடியால்தான் வானியலாளர்களால் பதில் சொல்ல முடிந்தது. அவர்கள் கண்ட வெளிச்சம் உண்மை. தவறியது அதன் தூரம். சில கிலோமீற்றர் என்று நினைத்தது பல கோடிக் கிலோமீற்றர்.

இருட்டு வானத்தில் ஒரு வெளிச்சம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. பக்கத்தில் ஒப்பிட ஒன்றும் இல்லை. தூரம் பிழைத்தால் பருமனும் பிழைக்கும், வேகமும் பிழைக்கும். மிச்சத்தை மனம் தனக்குத் தெரிந்த படத்தால் நிரப்பிக்கொள்ளும். 1947 ஜூன் 24 அன்று அமெரிக்க விமானி கென்னத் ஆர்னல்ட் ஒன்பது பொருள்கள் பறந்ததைக் கண்டதாகச் சொன்னார். அவை தண்ணீரில் எறிந்த கோப்பைத் தட்டு தத்திப் போகிறமாதிரிப் போயின என்றார். அவர் சொன்னது அவை போன விதத்தை. பத்திரிகைகள் அதை வடிவமாக எடுத்துக்கொண்டு 'பறக்கும் தட்டு' ஆக்கின. அதற்குப் பிறகு உலகம் முழுக்க ஆட்கள் தட்டுத்தட்டாகக் காணத் தொடங்கினார்கள்.

சரி, அமெரிக்க நேவிக்கு வருவோம். குரல் பதிவு போட்ட தோழருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். 2017 டிசம்பருக்குப் பிறகு ஒவ்வொன்றாக வெளிவந்து, 2020 ஏப்ரலில் பென்டகனே அதிகாரபூர்வமாக வெளியிட்ட மூன்று வீடியோக்கள் இருக்கின்றன. அதில் 'கோ ஃபாஸ்ட்' என்ற வீடியோவைப் பார்த்தால் கடலுக்கு மேலால் ஏதோ ஒன்று பயங்கர வேகத்தில் சீறிப் போகிறது. விமானிகள் ஆச்சரியப்பட்டுக் கத்துகிறார்கள். ஆனால் திரையிலேயே விமானத்தின் உயரம், கமெராவின் கோணம், பொருளுக்கான தூரம் எல்லாம் எண்களாக இருக்கின்றன. பள்ளிக்கூடத் திரிகோண கணிதம் போதும். நாசா அமைத்த சுயாதீனக் குழு 2023 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்கிறது. விமானம் 25,000 அடியில். பொருள் கடலை ஒட்டிப் போகவில்லை, 13,000 அடியில். அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 40 மைல். அந்த உயரத்துக் காற்றே அடித்துக்கொண்டு போகிற வேகம்.

பிறகு ஏன் அப்படிச் சீறுகிறது? வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயிலில் போகிறவர்களுக்குப் பதில் தெரியும். கடல் பக்க யன்னலில் இருந்துகொண்டு, கரைக்குக் கிட்ட நிற்கிற ஒரு வள்ளத்தைப் போனில் பிடியுங்கள். ரயில் ஓட ஓட வள்ளத்தையே நடுவில் வைத்திருங்கள். அதற்குப் பின்னால், அடிவானத்தில் துறைமுகத்துக்குக் காத்து நிற்கிற கப்பல்கள் எல்லாம் கடகடவென்று நகரும். ரயிலை மறந்துவிட்டு வீடியோவை மட்டும் பார்த்தால், நங்கூரம் போட்ட வள்ளம் எதிர்ப்பக்கம் பறக்கிறது. கோ ஃபாஸ்ட்டில் ரயிலுக்குப் பதில் ஜெட், கப்பல்களுக்குப் பதில் கடல்.

மற்ற இரண்டு வீடியோக்களிலும் விவாதம் இருக்கிறது. கமெரா திரும்பும்போது வெப்பப் பளபளப்பும் சேர்ந்து திரும்புகிறது என்ற விளக்கம் எங்களுக்கு நியாயமாகப் படுகிறது. எல்லாரும் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டோம். இப்படியான பல முறைப்பாடுகளுக்கு முடிவு காண முடியாததற்கு, தரவு போதாததும் தரம் குறைந்ததுமே காரணம் என்பதுதான் நாசா குழுவின் முக்கியமான முறைப்பாடு. வேற்றுலகிலிருந்து வந்தது என்று காட்ட ஆதாரம் ஒன்றும் கிடைக்கவில்லை என்றும் சொன்னார்கள். "விளக்க முடியவில்லை" என்பதும் "வேற்றுக்கிரகவாசி" என்பதும் ஒன்றல்ல. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள கிடங்கைத்தான் யூடியூப்காரர்கள் ஒரே பாய்ச்சலில் தாண்டிவிடுகிறார்கள்.

எங்கள் கடலிலேயே விழுந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2015இல் அமெரிக்காவின் கற்றலினா வானாய்வுத் திட்டம் ஒரு சிறு பொருளைக் கண்டுபிடித்தது. ஒன்றிரண்டு மீற்றர் பருமன். சந்திரனுக்கு அப்பாலும் போய்ப் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. தற்காலிகமாக 'டபிள்யூடி1190எஃப்' என்று பெயர் வைத்தார்கள். அது என்ன என்று தெரியாது. ஆனால் எப்போது விழும் என்று தெரியும்: நவம்பர் 13, இலங்கை நேரப்படி முற்பகல் பதினொன்றே முக்கால் கழிந்து சில நிமிடத்தில், தென்கரைக்கு அப்பால் ஏறத்தாழ 100 கிலோமீற்றரில். சொன்ன நேரத்துக்கு வந்து எரிந்தது. வளிமண்டலத்தில் அது சிதறியதை ஒரு விமானத்தில் இருந்து விஞ்ஞானிகள் படம் பிடித்தார்கள். பிறகு நடந்த ஆய்வுகள், 1998 ஜனவரியில் சந்திரனுக்குப் போன லூனார் புரொஸ்பெக்டர் கலத்தைத் தள்ளிவிட்ட ரொக்கெட் பகுதியாகவே பெரும்பாலும் இருக்கலாம் என்கின்றன. பதினேழு வருடம் சுற்றிவிட்டு காலிக்குக் கிட்ட வந்து விழுந்த பழைய இரும்பு. அடையாளம் தெரியாத ஒன்றின் வருகையை நிமிடக் கணக்கில் முன்கூட்டியே சொன்னார்கள் என்பது, எங்களைக் கேட்டால், எந்தப் பறக்கும் தட்டுக் கதையைவிடவும் புல்லரிக்க வைக்கிறது.

ஆனால் ஒருகொடவத்தை வானத்தில் பறந்தது கோள்களும் செய்மதிகளும் மட்டுமல்ல.

மேம்பாலத்துக் கதையைக் கேட்டுவிட்டு, தம்பியின் வீட்டுக்குக் கீழ்மாடியில் இருக்கிற அங்கிள் சொன்னார்: "நீங்கள் குடுத்துவைச்ச ஆக்கள். றோட்டில நிண்டு வானத்தைப் பார்க்கிறியள், பொலிஸ்காரனும் சேர்ந்து பார்க்கிறான்." 2007 மார்ச் 26 அதிகாலை விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் முதல்முறையாகக் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தைத் தாக்கின. ஒற்றை எஞ்சின் ஸ்லின் 143; நான்கு பேர் இருக்கக்கூடிய செக் நாட்டு விமானம். அதற்குப் பிறகு கொழும்பின் இரவு வானம் வேறு வானமாகிவிட்டது. ஏப்ரல் 26 இரவு எதிரி விமானம் வருவதாகச் சந்தேகம். விளக்குகள் அணைந்தன, விமான நிலையம் மூடப்பட்டது, வானத்தை நோக்கிச் சுட்டார்கள். ஒரு தாக்குதலும் நடக்கவில்லை. சாதாரண கண் மட்டுமல்ல, கருவியோடும் துவக்கோடும் காத்திருக்கிற அரசும் இல்லாததைக் காணும். மூன்று நாள் கழித்து, 29ஆம் திகதி அதிகாலை, உண்மையிலேயே வந்தார்கள். உலகக் கிண்ண இறுதிப்போட்டியில் இலங்கை அவுஸ்திரேலியாவோடு ஆடிக்கொண்டிருந்த இரவு அது. மின்சாரம் போக டீவி நின்றது. குண்டு விழுந்தது முத்துராஜவெலயிலும், எங்களுக்குப் பக்கத்துக் கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத்திலும். 2008 ஒக்டோபர் 28 இரவு இன்னும் கிட்ட வந்தது: களனிதிஸ்ஸ மின்நிலையம். ஒருகொடவத்தையிலிருந்து நடந்து போகிற தூரம்.

அப்போது எங்களில் பாதிப் பேருக்குப் பத்து வயதுகூட இல்லை. நினைவில் இருப்பது இருட்டும், கட்டிலுக்குக் கீழே படுத்ததும்தான். அங்கிள் வெளியே வரவில்லை. குளியலறையின் சின்ன யன்னலால்தான் பார்த்தாராம். "மொட்டை மாடிக்குப் போனா தமிழன் டோர்ச் அடிச்சுக் காட்டிக்குடுத்தான் எண்டு சொல்லிடுவாங்கள்." அது வெறும் பயம் அல்ல. 2007 ஜூன் 7 அன்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் இருந்த தமிழர்கள் 376 பேரைப் பஸ்ஸில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பினார்கள். அடுத்த நாள் உச்ச நீதிமன்றம் தடுத்த பிறகுதான் அது நின்றது. வானத்தில் போனதன் அடையாளம் தெரியாத வருடத்தில், தரையில் ஒவ்வொரு சந்தியிலும் அடையாள அட்டை கேட்டார்கள்.

தம்பியின் கேள்விக்குத் திரும்பி வருகிறோம். "அப்ப நான் பொய் சொல்றேனா?" இந்த நாட்டில் தமிழ் பேசுகிற ஒருவர் "நான் கண்டேன்" என்று சொல்லும்போது, "நீ காணவில்லை" என்ற பதில் எத்தனை தடவை வந்திருக்கிறது? 2009இல் பொதுமக்கள் ஒருவர்கூடச் சாகவில்லை என்று சொன்னார்கள். 2011 ஆகஸ்டில் கிழக்கிலும், பிறகு யாழ்ப்பாணத்திலும் 'கிறீஸ் பூதம்' வருகிறது என்று பெண்கள் இரவில் நித்திரை கொள்ளாமல் இருந்தார்கள். ஊர் ஊராகச் சனம் கண்டதைச் சொன்னது; அப்படி ஒன்றும் இல்லை, வதந்தி என்று அதிகாரிகள் சொன்னார்கள். நாவாந்துறையில் ஆட்களைத் துரத்திக்கொண்டு போன சனத்தைப் படையினர் வீடு புகுந்து அடித்து, நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தக் கதைகளில் எவ்வளவு வதந்தி, எவ்வளவு உண்மை என்று பிரித்துப் பார்க்கிற விசாரணை நடந்திருந்தால் இன்று நாங்கள் அதை ஒரு வரலாறாக எழுதியிருப்போம். கிடைத்தது மறுப்பு மட்டும். இப்படி வளர்ந்த தலைமுறையிடம் போய் "அது வெள்ளி" என்று இரண்டு சொல்லில் எழுதிவிட்டுப் படுத்தால், அதுவும் இன்னொரு மறுப்பாகத்தான் காதில் விழும். விளக்கம் சரிதான். சொன்ன விதம் பிழை. (எழுதியவர் இந்தக் கட்டுரையின் இந்தப் பந்தியை ஒத்துக்கொண்டுவிட்டார், மூன்று நாள் வாதத்துக்குப் பிறகு.)

விளக்கம் என்றால் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். வெள்ளவத்தை பாமன்கடை லேனில் வாழ்ந்த ஏபிரகாம் கோவூரை எங்கள் அப்பா அம்மா தலைமுறைக்குத் தெரியும். கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் பிறகு கொழும்பிலும் தாவரவியல் படிப்பித்தவர். அற்புத சக்தியை நிரூபித்தால் ஒரு லட்சம் ரூபாய் என்று சவால் விட்டவர். 1978இல் சாகும்வரை ஒருவரும் அந்தப் பணத்தை வாங்கவில்லை. சவாலைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். எங்களைக் கவர்ந்தது வேறு: பேய் கல் எறிகிறது என்று ஒரு வீட்டிலிருந்து செய்தி வந்தால், அவர் அந்த வீட்டுக்கே போவார். வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரோடும் இருந்து கதைப்பார். கல் விழுந்தது உண்மை என்பதிலிருந்துதான் தொடங்குவார். எறிந்தது யார், அந்த ஆளுக்கு என்ன துன்பம் என்பது அதற்குப் பிறகு.

போன மாதம் அங்கிள் 2008 இரவை முழுதாகச் சொன்னார். சிவப்பு லைட் போட்டுக்கொண்டு ஏழெட்டுப் பிளேன் வரிசையாக மேலே ஏறினதைத் தன் கண்ணால் கண்டாராம். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். புலிகளின் விமானங்கள் ஒன்றோ இரண்டோதான் வரும். குண்டு போட வருகிறவன் லைட் போட்டுக்கொண்டு வரமாட்டான். கீழிருந்து வரிசையாக ஏறுகிற சிவப்புப் புள்ளி, விமான எதிர்ப்புத் துவக்கின் ஒளிரும் ரவை. யார் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்க, தம்பியே மெதுவாகச் சொன்னான். அங்கிளின் முகம் மாறிவிட்டது.

"அப்ப நான் கண்டது பொய்யோ?"

"இல்ல அங்கிள். கண்டது சரி. எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போச்சு எண்டு மட்டும் காட்டுங்க."

அங்கிள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழும்பிக் குளியலறைக்குப் போய், யன்னலுக்குக் கீழே வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் ஏறி நின்று, களனி ஆற்றுப் பக்கம் கையை நீட்டினார். தம்பி போனில் திசைகாட்டியைத் திறந்தான்.